சுரப்பியின் கதை – 11: குதிகால் தரும் சாட்சி

தைராய்டு மாத்திரை சென்ற வாரமே குடலைத் தாண்டி ரத்தத்தில் கலந்துவிட்டது. அதற்கும் காபி, இரும்புச்சத்து மாத்திரை ஆகியவற்றுக்கும் நடுவே ஏன் இடைவெளி வேண்டும் என்பதையெல்லாம் மறந்திருக்கமாட்டீர்கள். இனி, கடிதத்துக்குக் கடிதம் வந்துகொண்டிருக்கும் கேள்வி: “ரிப்போர்ட் நார்மல் என்கிறார் டாக்டர். எனக்கோ கை கால் கனக்கிறது, முடி கொட்டுகிறது, காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை. மருந்து உள்ளே போய்ச் சேருகிறதா, இல்லையா?”

நியாயமான கேள்வி. அந்த ரிப்போர்ட்டில் முக்கியமாகப் பார்ப்பது டிஎஸ்எச்; மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரக்கும் ஹார்மோன். அந்த எண் சரியாக இருந்தால் பிட்யூட்டரிக்குப் போதுமான தைராய்டு ஹார்மோன் கிடைத்துவிட்டது என்று பொருள். ஈரலும் தசையும் என்ன சொல்கின்றன என்பது அதில் நேரடியாக இல்லை. நாம் விழுங்கும் மாத்திரை டி4 என்ற தைராய்டு ஹார்மோன். அதிலிருந்து ஓர் அயோடின் அணுவைக் கழற்றி டி3 ஆக்கினால்தான் செல்லுக்குள் வேலை நடக்கும். அந்தக் கழற்றும் வேலையைப் பிட்யூட்டரி தனக்குத் தானே நன்றாகச் செய்துகொள்ளும். எல்லாத் திசுக்களும் அதே அளவுக்குச் செய்வதில்லை. தைராய்டு நீக்கப்பட்ட எலிகளுக்கு டி4 மட்டும் கொடுத்து மாட்ரிட் ஆய்வாளர்கள் 1995இல் பார்த்தார்கள். எந்த ஒரு அளவிலும் எல்லா உறுப்புகளிலும் ஒரே சமயத்தில் டி3 சரியாகவில்லை.

அப்படியென்றால் செல்லையே கேட்க முடியாதா? இதைத் தேடிப் போனபோதுதான் குதிகால் அகப்பட்டது. இந்த வாரம் முழுவதும் எனக்கு வேறு நினைப்பில்லை.

டிஎஸ்எச்சை ரத்தத்தில் அளக்கும் முறை 1960களில்தான் வந்தது. அதற்கு முன் மருத்துவர்கள் நோயாளியை நாற்காலியில் மண்டியிடச் சொல்வார்கள். பாதம் விளிம்புக்கு வெளியே தொங்கும். குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணைச் சிறு சுத்தியலால் தட்டுவார்கள். பாதம் சட்டென்று பின்னோக்கி உதைத்துத் திரும்ப வேண்டும். தைராய்டு குறைந்தவருக்கு உதைப்பதே சற்று மந்தம்; திரும்புவது அதைவிட மந்தம். வெறும் கண்ணுக்கே தெரியும். 1924இல் சேனி என்ற அமெரிக்க மருத்துவர் இதை அளந்து எழுதினார். பிறகு மேயோ கிளினிக்கின் நரம்பியல் மருத்துவர் வோல்ட்மன் பெயரால் இந்த அடையாளம் பாடநூல்களில் ஏறியது. பாதத்தின் அசைவு ஓர் ஒளிக்கற்றையை மறைக்க, அதைத் தாளில் கோடாக வரையும் கருவிகள்கூட வந்தன.

ஏன் மந்தம்? தசைச் செல்லுக்குள்ளே இருக்கும் ஒரு சேமிப்பு அறையிலிருந்து கால்சியம் பாய்ந்தால் தசை இழுக்கும். அந்தக் கால்சியத்தை ஒரு புரதம் மறுபடி அந்த அறைக்குள் இறைத்துத் தள்ளினால்தான் தசை தளரும். அந்தப் புரதத்தைத் தயாரிக்கச் சொல்லும் மரபணுவைத் தூண்டுவது டி3. ஆக, பாதம் உரிய வேகத்தில் திரும்பினால் ஹார்மோன் செல்லுக்குள் நுழைந்து, உட்கருவைத் தொட்டு, புரதமும் உண்டாகிவிட்டது என்று அர்த்தம். ரத்தத்தில் எத்தனை மைக்ரோகிராம் என்று எண்ணுவதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

பிறகு இந்தச் சோதனையை ஏன் கைவிட்டார்கள்? முதுமை, நீரிழிவு, கர்ப்பம், சில மருந்துகள், எல்லாமே அந்த வேகத்தைக் குறைக்கும். லேசான குறைபாடு இருப்பவரும் நலமானவரும் ஒரே அளவில் வந்து நிற்பார்கள். டிஎஸ்எச் அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. அதற்காக அதை நான் மதிக்கிறேன். ஆனால் “இன்னும் அசதியாக இருக்கிறது” என்பவரின் காலை ஒருமுறை தட்டிப் பார்க்க அரை நிமிடம் போதும். அதைக்கூடச் செய்யாமல் தாளை மட்டும் பார்த்து அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஹார்மோன் செல்லுக்குள் நுழைவது என்றதும் இன்னொன்று. தைராய்டு ஹார்மோன் கொழுப்பில் கரைவதால் செல்லின் சவ்வைத் தானாகக் கடந்துவிடும் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 2003இல் ராட்டர்டாமில் எம்சிடி8 என்ற புரதம் அதை உள்ளே ஏற்றிச் செல்வதைக் கண்டார்கள். வட கரோலினாவில் ஒரு குடும்பத்தின் ஆண்பிள்ளைகள் பலருக்குத் தலைமுறை தலைமுறையாகக் கழுத்து நிற்காது, பேச்சு வராது. 1944இல் மூன்று பேர் அதைப் பதிவுசெய்திருந்தார்கள். அந்த நோய்க்குக் காரணம் இந்தப் புரதத்தின் பழுதுதான் என்று 2005இல் தெரிந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு ரத்தத்தில் டி3 மிகுதி, மூளையில் பஞ்சம். ஈரலும் இதயமும் வேறு வழியாக வாங்கிக்கொண்டு மிகையால் அவதிப்படும். ஒரே உடம்பில் இரண்டு நிலை!

இது மிக அரிதான பிறவி நோய். உங்கள் அசதிக்கு இதுதான் காரணம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ரத்தசோகை, பி12 குறைவு, தூக்கத்தில் மூச்சுத் தடை என்று முதலில் பார்க்க வேண்டியவை வேறு. மாத்திரையின் அளவை நீங்களாகக் கூட்டவே கூடாது. மிகையானால் இதயத் துடிப்பு தடுமாறும், எலும்பு தேயும்.

டி4உடன் டி3 மாத்திரையும் சேர்க்கலாமா என்பதை இந்த வாரமே எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். குதிகால் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1999இல் லிதுவேனியாவில் 33 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு உலகத்துக்கே நம்பிக்கை தந்தது. பின்னால் வந்தவை அதை அப்படியே ஆமோதிக்கவில்லை. அடுத்த வாரம் அங்கிருந்து தொடங்குகிறேன்.