கடல் திறந்துவிடும் கதவு

படகில் ஏறுமுன் கையில் கொடுத்த அட்டையில் எல்லாவற்றுக்கும் மணி போட்டிருந்தது. ஒன்பதுக்குப் புறப்பாடு, பதினொன்றுக்கு முதல் குகை, ஒன்றரைக்குச் சாப்பாடு, மூன்றுக்கு ஜேம்ஸ்பாண்ட் தீவு, ஐந்தரைக்குக் கரை. படகு நகர்ந்ததும் வழிகாட்டி தன் இடுப்புப்பையிலிருந்து வேறொரு தாளை எடுத்தார். அதில் எந்தத் தீவின் பெயரும் இல்லை. நாள்வாரியாக நேரமும் மீட்டர் கணக்கும் மட்டும் இருந்தன. கடல் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு வற்றும் என்ற பட்டியல் அது.

“அட்டையை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாம் இதன்படிதான் போகப்போகிறோம்” என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் கடல் புதிதில்லை. ஆனால் எங்கள் ஊர்க் கடல் ஒரு நாளில் ஏறி இறங்குவது முழங்காலளவு, மிஞ்சிப்போனால் இடுப்பளவு. அதை நம்பி யாரும் நாள்கணக்குப் போடுவதில்லை. தாய்லாந்தின் பங்ஙா விரிகுடாவில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டம் ஓராள் உயரத்துக்கும் மேலாக ஏறி இறங்குகிறது, அதுவும் நாளுக்கு இரண்டு தடவை.

பங்ஙா. பள்ளிக்கூடத்தோடு நாம் விட்டுவிட்ட ஙகர வரிசை இந்தப் பெயரை எழுதத்தான் காத்திருந்தது போலும். புக்கெட் தீவுக்கும் கிராபி கரைக்கும் நடுவே, அந்தமான் கடல் நிலத்துக்குள் புகுந்து நிற்கும் இடம். வடக்கு மூலையில் சுமார் 400 சதுர கிலோமீட்டர் பரப்பை 1981-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதில் பெரும்பகுதி தண்ணீர். நாற்பதுக்கு மேற்பட்ட தீவுகள். பங்ஙா நகரத்துத் துறையிலிருந்து நெட்டைவால் படகில் போகலாம். காது அடைக்கும் சத்தம், ஆனால் குறுகிய கால்வாய்களுக்குள் நுழையும். நாங்கள் போனது புக்கெட்டின் வடகிழக்கில் உள்ள ஆவ் போ துறையிலிருந்து கிளம்பும் பெரிய படகில். மேல்தளத்தில் காற்றடைத்த துடுப்புப் படகுகளை அடுக்கிக்கொண்டு போகும். வெளிநாட்டவருக்கான பூங்கா நுழைவுக் கட்டணம் 300 பாட், பெரும்பாலும் பயணச்சீட்டிலேயே அடக்கம். கேட்டுக்கொள்வது நல்லது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளம்பரப் படங்களில் வரும் கண்ணாடி நீலத் தண்ணீர் இங்கே கிடையாது. ஆறுகளும் சுரபுன்னைக் காடுகளும் கொண்டுவந்து கொட்டும் வண்டலால் நீர் பாசிப்பச்சையாக, குழம்பலாக இருக்கும். பவளப்பாறையும் மீன் கூட்டமும் பார்க்க நினைப்பவர்கள் சிமிலான் தீவுகளுக்குப் போகலாம். பங்ஙாவுக்குப் பாறை பார்க்கத்தான் வரவேண்டும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று புக்கெட்டின் மேற்குக் கடற்கரையைப் புரட்டிப்போடும். அப்போதும் இந்த விரிகுடா பெரும்பாலும் அடங்கியே கிடக்கிறது. புக்கெட் தீவே குறுக்கே படுத்துக் காற்றைத் தடுத்துக்கொள்கிறது.

வழிகாட்டி அக்காவை ‘மாமா’ என்று அழைத்தார். பயணிகளில் வயது மூத்த பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அம்மா என்ற பொருளில். முதல் அரைமணி நேரம் அக்காவுக்குத் திரும்பிப் பார்க்கவே தோன்றவில்லை. பதிலுக்கு அவரை நாங்கள் அழைக்க வேண்டிய தாய் மொழிச் சொல், அண்ணன் அக்கா இருவருக்கும் பொதுவான அந்த ஒற்றை எழுத்துச் சொல், தமிழில் அச்சேறாது. அதனால் இந்தக் கட்டுரையில் அவர் வழிகாட்டி மட்டும்தான்.

முக்கால் மணி நேரத்தில் தீவுகள் வரத் தொடங்கின. கரையே இல்லாத தீவுகள். நீரிலிருந்து நேராகச் சுவர்போல எழும்பி, உச்சியில் மட்டும் பச்சைப் புதர் செருகிக்கொண்டு நிற்கின்றன. அடிவாரத்தில் நீர்மட்டத்தை ஒட்டிப் பாறை உள்வாங்கியிருக்கிறது. சில தீவுகள் காளான்போல ஒற்றைக்காலில் நிற்பதாகத் தோன்றும்.

அக்கா முப்பது வருஷம் பள்ளியில் வேதியியல் நடத்தியவள். ஓய்வு பெற்றும் கேள்வி கேட்பது நிற்கவில்லை. “தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள்ள குழாய் வச்சு ஊதினா என்ன ஆகும்?” என்றாள் என்னிடம்.

“பால் மாதிரி ஆகும்.”

“விடாம ஊதினா?”

விழித்தேன். அந்தப் பாதியை எல்லோரும் மறந்துவிடுவார்களாம். விடாமல் ஊதினால் மறுபடி தெளிந்துவிடும். பாலாகத் தெரிந்தது கால்சியம் கார்பனேட், அதாவது எதிரே நிற்கும் இந்தப் பாறை. கார்பன் டை ஆக்சைடு கூடக்கூட அது நீரில் கரையும் பைகார்பனேட்டாக மாறிவிடுகிறது. காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு மழைநீர் விரிசல் வழியே இறங்கும்போது மலைக்குள் நடப்பது அந்த இரண்டாவது பாதிதான். கரைந்த நீர் குகைக் கூரையில் சொட்டாக நின்று வாயுவை வெளியே விட்டால், பாறை மறுபடி படிந்து விழுதாகத் தொங்குகிறது. “ரெண்டு சமன்பாட்டுக்கு நான் ஒரு பீரியட் எடுத்தேன். இங்க அவசரமே இல்லாம நடத்தியிருக்கு” என்றாள்.

அவசரம் இல்லைதான். 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, பெர்மியன் காலத்துக் கடலடியில் சிப்பியும் பவளமும் மடிந்து படிந்து இறுகியது இந்தச் சுண்ணாம்புப் பாறை. பூமி அதை உயர்த்தியது, மழை அதை அரித்தது. 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, பனியூழியின் உச்சத்தில், கடல் இப்போதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அன்று இந்தத் தீவுகள் சமவெளியில் நின்ற குன்றுகள். எங்கள் படகு போன தடத்தில் நடந்தே போயிருக்கலாம். பனி உருகிக் கடல் ஏறியபோது அடிவாரங்கள் முழுகின. சில பாறைகளில் இப்போதைய நீர்க்கோட்டுக்கு மேலே, கை எட்டாத உயரத்தில், இன்னொரு பள்ளக்கோடு தெரிந்தது. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கடல் இன்றைவிட உயரமாக நின்ற காலத்தில் அது குடைந்தது.

பனாக் தீவை நெருங்கியதும் எஞ்சினை அணைத்தார்கள். துடுப்புப் படகுகள் இறங்கின. ஒரு படகில் இரண்டு பயணிகள், பின்னால் துடுப்பு போடுபவர். நீச்சல் தெரியாத அக்கா உயிர்காப்பு உடையின் வார்களை மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள்.

வெளியிலிருந்து பார்த்தால் சுவரில் ஒரு கறுப்புக் கீறல், அவ்வளவுதான். உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் முதுகுப்பக்கம் போய்விட்டது. வழிகாட்டியின் நெற்றி விளக்கு பட்ட இடங்களில் பாறை சர்க்கரைபோல மினுங்கியது. கூரையில் வவ்வால்கள், மூக்கைத் துளைக்கும் எச்ச நெடி. இந்த விரிகுடாவின் குகைகளில் உழவாரன் குருவிகள் எச்சிலால் கட்டும் கூடுகளுக்குப் பெரும் விலை உண்டு. மூங்கில் கட்டி ஏறி அவற்றை எடுப்பவர்களுக்கு இந்தக் குகைகள் பல தலைமுறையாகத் தெரியும். 1989-இல் ஜான் கிரே என்ற அமெரிக்கர் துடுப்புப் படகில் பயணிகளை அழைத்துவரத் தொடங்கிய பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியவந்தது.

கூரை தாழ்ந்துகொண்டே வந்தது. “படுங்கள், மாமா. கையை உள்ளே வையுங்கள்.” மல்லாந்து படுத்தோம். அப்படியும் இடம் போதவில்லை. பின்னால் ‘புஸ்’ஸென்று ஒரு சத்தம், வழிகாட்டி படகிலிருந்து கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்டிருந்தார். படகு நாலு விரற்கடை தாழ்ந்தது. பாறையில் ஒட்டிய சிப்பிகள் பிளேடுபோல முகத்துக்கு மேலே நகர்ந்தன. என் மூக்குக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. வழிகாட்டி துடுப்பை வைத்துவிட்டு உள்ளங்கையால் கூரையைத் தள்ளித் தள்ளிப் படகை நகர்த்தினார். முன்னாலிருந்து முணுமுணுப்பு கேட்டது. கந்தர் சஷ்டி கவசம் என்றுதான் நினைத்தேன். “ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம்…” தனிம அட்டவணை. ஆர்கானுக்கு வந்தபோது வெளிச்சம் வந்தது.

எழுந்து உட்கார்ந்தோம். மலைக்கு நடுவே ஒரு கிணறு, அதன் அடியில் நாங்கள். சுற்றிலும் செங்குத்துச் சுவர், தலைக்கு மேலே அளந்து வெட்டிய துண்டு வானம். சுவரில் தாழையும் ஆலமரத்துச் சொந்தமும் வேரால் பற்றித் தொங்கின. நடுவில் முழங்கால் ஆழத் தண்ணீர், சுரபுன்னை மரங்கள், சேற்றில் துள்ளித் துள்ளி ஏறும் மீன்கள். ஒரு குரங்கு நண்டைத் தேடிக்கொண்டிருந்தது, எங்களைச் சட்டை செய்யவில்லை. இதற்கு ‘ஹொங்’ என்று பெயர். தாய் மொழியில் அறை என்று பொருள். விடுதியில் சாவி வாங்கித் திறக்கிற அறைக்கும் அதே சொல்தான். தீவின் வயிற்றுக்குள் இருந்த குகை காலப்போக்கில் பெரிதாகி, கூரை தாங்காமல் இடிந்து விழுந்து உண்டானது. இடிபாட்டையும் கடல் கரைத்துக் கொண்டுபோய்விட்டது. உள்ளே வர இருக்கும் ஒரே வாசல் நாங்கள் வந்த சுரங்கம். நீர் ஏறினால் அதில் மூச்சுவிட இடமிருக்காது. அடியோடு வற்றினால் படகு சேற்றில் தட்டும். நடுவில் கொஞ்ச நேரம்தான் கதவு திறந்திருக்கும்.

வழிகாட்டி விரலை உதட்டில் வைத்தார். பத்துப் படகுகள், இருபது பேர், ஒரு சத்தமில்லை. எங்கோ ஒரு சொட்டு விழுந்தது, அது நான்கு சுவரிலும் கேட்டது.

கால்மணி நேரம் இருந்திருப்போம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சுவரில் சிப்பிகளின் வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாங்கள் வரும்போது வெளியே தெரிந்த கீழ்வரிசை தண்ணீருக்குள் போயிருந்தது. “போகலாம்” என்றார். இளைஞர் இருவர் இன்னும் ஒரே ஒரு படம் என்று நின்றார்கள். ஒரு படம் பத்து நிமிஷமானது. அதற்கான விலை அடுத்துப் போன ஹொங் தீவில் தெரிந்தது. அங்கிருந்த குகையின் வாயில் நான்கு விரல் இடைவெளிதான் மிச்சமிருந்தது. வழிகாட்டி யாரையும் குறை சொல்லவில்லை. படகைத் திருப்பினார்.

சாப்பாடு பன்யீ தீவில். தீவு என்று பேருக்கு ஒரு பாறை. ஊர் முழுக்கத் தண்ணீருக்கு மேலே கால் நட்டு நிற்கிறது. ஜாவாவிலிருந்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் வந்த முஸ்லிம் மீனவக் குடும்பங்களின் வழிவந்தவர்கள். நல்ல மீன்பாடு கண்டவர் குன்றின்மேல் கொடி ஏற்ற வேண்டும் என்று பேசிக்கொண்டு பிரிந்தார்களாம். பன்யீ என்றால் கொடி. படகு நிற்கும் பக்கம் வரிசையாக உணவகங்கள். பொரித்த மீனுக்கு அக்கா பாஸ் மார்க் போட்டு நகர்ந்தாள். பின்பக்கம் போனால்தான் ஊர்: பள்ளிவாசல், பள்ளிக்கூடம், துணி காயும் நடைபாலங்கள், ஒரு கால்பந்துத் திடல். 1986 உலகக்கோப்பையைத் தொலைக்காட்சியில் பார்த்த பையன்கள் விளையாட நிலமில்லாமல், பழைய மரத்துண்டுகளையும் மிதவைகளையும் சேர்த்து ஆணியடித்துத் தாங்களே ஒரு மிதக்கும் திடல் கட்டிக்கொண்டார்கள். பந்து விளிம்பைத் தாண்டினால் கடலில் குதித்துத்தான் எடுக்க வேண்டும். அதனாலேயே அவர்கள் பந்தைக் காலைவிட்டு விலகாமல் வைத்துக்கொள்ளக் கற்றார்கள் என்கிறார்கள், நம்பக்கூடியதாகத்தான் இருக்கிறது.

ஜேம்ஸ்பாண்ட் தீவைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆசையில்லை. 1974-இல் ரோஜர் மூர் நடித்த ‘தி மேன் வித் த கோல்டன் கன்’ படத்தில் வில்லனின் மறைவிடம். அதற்கு முன் அதன் பெயர் காவ் பிங் கான், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த மலைகள். எதிரே தண்ணீரில் நிற்கும் 20 மீட்டர் உயரப் பாறைக்குக் கோ தாபு, ஆணித் தீவு. வலையில் மீனுக்குப் பதில் திரும்பத் திரும்ப ஆணியே சிக்க, கோபத்தில் மீனவன் வாளால் வெட்டியெறிந்த துண்டு இது என்பது ஊர்க்கதை. தலை அகலம், கால் ஒல்லி. அந்தக் காலைக் கடல் இன்னும் கரைத்துக்கொண்டிருப்பதால் 1998 முதல் படகுகள் அதை நெருங்கக் கூடாது. மணலில் கடைகள், படம் எடுக்க வரிசை. ஒரு பெண் அந்தப் பாறையை உள்ளங்கையில் ஏந்துவதுபோல நிற்க, அவள் கணவர் “இன்னும் கொஞ்சம் இடது” என்று இந்தியில் கத்திக்கொண்டிருந்தார். இருபது நிமிஷம் போதும். இன்னொரு வேடிக்கை: 1997-இல் வந்த பாண்ட் படத்தில் இதே விரிகுடாவை வியட்நாமின் ஹா லாங் விரிகுடா என்று காட்டியிருக்கிறார்கள்.

திரும்பும்போது கிழக்கே கிராபி கரை மங்கலாகத் தெரிந்தது. அந்த மாகாணத்தின் குளோங் தோம் பக்கத்தில் ஒரு பொற்கொல்லரின் உரைகல் கிடைத்தது. பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று தமிழில் பெயர் வெட்டியது, கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு. மறுபக்கம், இதே பங்ஙா மாகாணத்தின் மேற்குக் கரையில் தக்குவா பா. அங்கே கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற பெயரில் வெட்டிய ஒரு குளத்தையும் மணிக்கிராமத்து வணிகரையும் சொல்கிறது. அவனிநாரணன் பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். கடல் தாண்டி வந்தவர்கள் செய்த வேலையைப் பாருங்கள்: குளம் வெட்டி, ராஜா பெயரை வைத்து, கல்லிலும் எழுதிவிட்டார்கள். இதை அக்காவிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான். “பாய்மரத்துல வந்தவங்க இந்தக் கடல் ஏறுற, வத்துற நேரத்தை யார்ட்ட கேட்டிருப்பாங்க?”

ஆவ் போ துறையை நெருங்கியபோது நீர் உச்சத்தில் இருந்தது. காலையில் எட்டுப் படி இறங்கி ஏறிய படகுக்கு இப்போது இரண்டே படி. அக்கா வழிகாட்டியிடம் போய், அச்சடித்த அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தத் தாளைக் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

“நாளைக்கு எத்தனை மணிக்கு?”

“இன்றைவிட ஐம்பது நிமிஷம் தள்ளி, மாமா. தினமும் அப்படித்தான்.”

அக்கா விரல்விட்டு எண்ணினாள். “அப்ப அந்த ரெண்டாவது குகை நாளைக்குப் பன்னிரண்டு வரை திறந்திருக்கும்” என்றாள் என்னிடம்.

எங்கள் விமானம் காலை பத்தேகாலுக்கு.