காலில் புடைக்கும் நரம்பு: வருமுன் காத்தலும் வந்தபின் தீர்த்தலும்



ஆலயப் பணியில் ஈடுபடுவோரின் கைகளைப் பாராட்டுகிறோம். அவர்களைத் தாங்கி நிற்கும் கால்களை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அன்னதானக் கூடத்தில் விடியற்காலை முதல் அடுப்பின் முன் நிற்பவர்கள், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் இரவெல்லாம் மோர் வழங்குபவர்கள் எனப் பலருக்கு மாலையில் கால் கனக்கிறது, கணுக்கால் வீங்குகிறது. நான் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்பதால், தொண்டூழியர்கள் சிலர் என்னிடம் தனியே வந்து, முழங்காலுக்குக் கீழே நீலமாகப் புடைத்து நெளியும் நரம்புகளைக் காட்டுவதுண்டு. "இது நரம்புத் தளர்ச்சியா? டானிக் குடித்தால் போதுமா?" என்பதே பெரும்பாலோர் கேட்கும் கேள்வி. அவர்கள் அனைவருக்கும் பதிலாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நரம்பு அன்று, இரத்தக் குழாய்

பேச்சு வழக்கில் நரம்பு என்று சொன்னாலும், இது உணர்ச்சியைக் கொண்டு செல்லும் நரம்பு அன்று. கெட்ட இரத்தத்தை இருதயத்திற்குத் திருப்பி அனுப்பும் சிரை என்னும் இரத்தக் குழாய். 'வெரிக்கோஸ் வெயின்' என்று மருத்துவர்கள் கூறுவது இதையே. ஆகவே நரம்பு டானிக்கால் இதற்குப் பயனில்லை.

பாதத்திலிருந்து இரத்தம் மேல்நோக்கி ஏற வேண்டும். அதற்கு இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. ஒன்று, கெண்டைக்கால் தசை. நாம் நடக்கும்போது அது சுருங்கி, பம்பு போல் இரத்தத்தை மேலே தள்ளுகிறது. மற்றொன்று, குழாய்க்குள் இருக்கும் வால்வுகள். மேலே சென்ற இரத்தம் கீழே இறங்காதபடி அவை கதவு போல் மூடிக்கொள்கின்றன. வால்வு பழுதானால் இரத்தம் கீழே தேங்குகிறது. குழாய் விரிந்து, புடைத்து, சுருண்டுகொள்கிறது.

இதனால் ஓர் உண்மை விளங்கும். காலுக்குக் கெடுதல் செய்வது நடை அன்று; அசையாமல் நிற்பதே. கோயிலை வலம் வருபவரின் கெண்டைக்கால் ஒவ்வோர் அடிக்கும் இரத்தத்தை மேலே ஏற்றுகிறது. ஒரே இடத்தில் மூன்று மணி நேரம் நிற்பவருக்கு அந்தப் பம்பு ஓய்ந்து கிடக்கிறது.

யாருக்கு வரும்?

தாய் தந்தையருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு அதிகம். வயது, உடல் பருமன் ஆகியவையும் காரணங்கள். நின்றே வேலை செய்யும் ஆசிரியர், தாதியர், சமையற்காரர், முடி திருத்துபவர், பாதுகாவலர் முதலியோர் கவனமாக இருக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் இரத்தத்தின் அளவு கூடுவதாலும், குழாய்கள் தளர்வதாலும், கருப்பை அழுத்துவதாலும் பெண்களுக்கு இது தோன்றலாம். பிள்ளைப்பேற்றுக்குப் பின் சில மாதங்களில் பலருக்குக் குறைந்துவிடும்.

அலட்சியம் வேண்டாம்

அழகுக் குறை என்று சேலைக்குள்ளும் கால்சட்டைக்குள்ளும் மறைத்துக்கொண்டே பலர் காலம் கடத்துகின்றனர். முதலில் கனமும் இரவில் தசைப்பிடிப்பும் இருக்கும். பிறகு கணுக்காலைச் சுற்றி அரிப்பு எடுக்கும். தோல் கறுத்துத் தடிக்கும். கடைசியில் உட்புறக் கணுக்காலுக்கு மேலே புண் உண்டாகி, மாதக்கணக்கில் ஆறாமல் நிற்கும். அப்புண்ணில் மஞ்சள், எண்ணெய், திருநீறு எதையும் தடவாதீர்கள். தோல் கறுக்கத் தொடங்கும்போதே மருத்துவரைக் காண வேண்டும்.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், அது ஆழமான குழாயில் இரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அந்தக் காலைப் பிடித்துவிடக் கூடாது. உறைகட்டி நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வருமுன் காக்க

பரம்பரையை மாற்ற இயலாது, பழக்கத்தை மாற்றலாம். நாள்தோறும் அரை மணி நேரம் நடங்கள். நின்று வேலை செய்யும்போது அவ்வப்போது குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். நீண்ட பேருந்துப் பயணத்திலும் பஜனையில் அமர்ந்திருக்கும்போதும் இடையிடையே எழுந்து நாலடி நடங்கள். வீடு திரும்பியதும் கால் மணி நேரம் படுத்து, கால்களை இருதய மட்டத்திற்கு மேல் தலையணையில் வையுங்கள். உடல் எடையைக் கட்டுக்குள் வையுங்கள்.

ஆலய நிர்வாகத்தினருக்கும் நன்கொடையாளருக்கும் ஒரு வேண்டுகோள். சமையற்கட்டிலும் பந்தலிலும் சில நாற்காலிகளைப் போட்டு, தொண்டூழியர்களை மணிக்கொரு முறை மாற்றி அமர்த்தினால் அதுவும் ஓர் அறமே.

சிகிச்சை முறைகள்

ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த கொன்ராட் ஜோப்ஸ்ட் என்னும் பொறியாளர் தாமே கால் சிரை நோயால் வருந்தியவர். நீச்சல் குளத்தில் நின்றால் வலி குறைவதைக் கண்டார். நீரின் அழுத்தம் அடியில் மிகுதி, மேலே குறைவு. அதே முறையில், கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே தளர்வாகவும் அமையும் காலுறையை 1950-களில் உருவாக்கினார். இன்றும் அவ்வகைக் காலுறை பயன்படுகிறது. காலையில் வீக்கம் ஏறுமுன் அணிந்து, இரவில் கழற்றிவிட வேண்டும். ஆனால் நீரிழிவு உள்ளவர்களும் காலுக்கு இரத்த ஓட்டம் குறைந்தவர்களும் மருத்துவரைக் கேளாமல் அணியக் கூடாது. பாதத்திற்குச் செல்லும் இரத்தமே தடைபடலாம்.

காலுறை வேதனையைத் தணிக்குமே தவிர, பழுதான வால்வைச் சரி செய்யாது. தொல்லை அதிகமானால் மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, லேசர் அல்லது ரேடியோ அலை வெப்பத்தால் குழாயை உள்ளிருந்தே அடைப்பார். நுரை மருந்தை ஊசியால் செலுத்துவதும், அறுவை செய்து குழாயை அகற்றுவதும் வேறு வழிகள். வெப்ப சிகிச்சைக்குப் பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தால் போதும். அன்றே நடந்து வீடு திரும்பலாம். "குழாயை அடைத்தால் இரத்தம் எவ்வழியே போகும்?" என்று அஞ்ச வேண்டாம். காலின் இரத்தத்தில் பெரும்பகுதி ஆழமான குழாய்கள் வழியேதான் செல்கிறது.

புண் வந்தவர்களும் மனம் தளர வேண்டாம். பிரிட்டனில் 450 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. அழுத்தக் கட்டுடன் பழுதான குழாய்க்கும் உடனே சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேருக்கு 56 நாட்களில் புண் ஆறியது. குழாய்ச் சிகிச்சையைத் தள்ளிப் போட்டவர்களுக்கு அதே நிலை வர 82 நாட்கள் ஆயின.

இரத்தம் பீறிட்டால்

புடைத்த குழாய் சிறு கீறலாலும் உடைந்து இரத்தம் கொட்டலாம். நின்றுகொண்டிருக்காதீர்கள். உடனே படுத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அந்த இடத்தையே அழுத்திப் பிடியுங்கள். மேலே கயிறு கட்டினால் இரத்தம் இன்னும் பெருகும். நின்றபின்னும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதை வீட்டில் உள்ள அனைவரும் அறிந்திருப்பது நல்லது.

இறைவனை வலம் வர இறைவன் தந்தவை நம் கால்கள். அவற்றைப் பேணுவோம். எல்லாம் வல்ல இறைவன் அனைவருக்கும் நோயற்ற வாழ்வருள்வானாக.