நாளில்லா நறுக்குகளை மேற்கோள் காட்டும் நெறி

நூலுக்கு முகப்பேடு உண்டு. ஆசிரியர், பதிப்பு, ஆண்டு ஆகியவற்றை அதுவே அறிவிக்கும். செய்தித்தாளினின்று கத்தரித்து வைத்த நறுக்கோ அத்தகையதன்று. தலைப்பு இருப்பின் நாள் இராது. நாள் இருப்பின் இதழின் பெயர் இராது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துத் தமிழ் உரைநடையை ஆராய்வார் பலர்க்கு இவையே சான்றாதலின், இவற்றைக் குறிக்கும் முறையை ஈண்டு ஆராய்வாம்.

விடுபட்டதைத் தேடுதல் முதற்கடமை. நறுக்கின் பின்புறத்தையும் படித்தல் வேண்டும். அங்குள்ள விளம்பரமோ வழக்குச் செய்தியோ காலத்தைக் காட்டக்கூடும். நாளும் கிழமையும் இருந்து ஆண்டு மட்டும் இல்லையாயின், நாட்காட்டி துணை செய்யும். எனினும், அதே நாள் அதே கிழமையில் பெரும்பாலும் 5, 6 அல்லது 11 ஆண்டு கழித்து மீண்டும் வருதலின், அது துணைச் சான்றேயன்றி முடிந்த சான்றாகாது.

தமிழாண்டு மட்டும் உள்ளவிடத்து விழிப்பு மிகுதியும் வேண்டும். பராபவ ஆண்டு 1906 ஏப்பிரலில் தொடங்கி 1907 ஏப்பிரலில் முடிந்தது. ஆகவே ‘பராபவ, தை’ என்பது 1907 ஆம். யான் ஒருகால் அதனை 1906 என்று எழுதிவிட்டேன். என் கட்டுரையை நம்பிய மாணவர் ஒருவர் தம் ஆய்வேட்டிலும் அவ்வாறே எழுதினார். ஒருவர் பிழை இருவர் சான்றாயிற்று!

வெளியீட்டிடமும் புறக்கணிக்கத்தக்கதன்று. பாரதியார் ஆசிரியராக விளங்கிய ‘இந்தியா’ வார இதழ் 1906இல் சென்னையில் தோன்றி, 1908இல் புதுச்சேரிக்குப் பெயர்ந்து, 1910இல் நின்றது. ஒரு கட்டுரை ஆங்கில ஆட்சியின்கீழ் அச்சாயிற்றா, பிரெஞ்சு ஆட்சியின்கீழ் அச்சாயிற்றா என்பதை அறியாமல் அதன் துணிவை அளவிடல் இயலாது.

இனிக் குறிக்கும் முறை வருமாறு:

1. நறுக்கிற் கண்டதைக் கண்டவாறே எழுதுக.

2. ஊகித்தறிந்ததைப் பகர அடைப்பினுள் இட்டு, ஊகத்தின் காரணத்தை அடிக்குறிப்பிற் கூறுக.

3. அறியாததை ‘நாள் தெரியவில்லை’, ‘பக்கம் தெரியவில்லை’ என வெளிப்படக் கூறுக.

4. நறுக்கு யாண்டு உள்ளது என்பதைச் சுட்டுக. பிற்காலத் தொகுப்பு நூலிற் கண்டதை மூல இதழிற் கண்டதாக எழுதற்க.

சான்றாக, ‘[இந்தியா, சென்னை], பராபவ, தை [1907], பக்கம் தெரியவில்லை’ என்று குறிப்பின், இதழின் பெயரும் இடமும் ஆங்கில ஆண்டும் ஆய்வாளர் துணிந்தவை என்பதும், தமிழாண்டும் திங்களும் நறுக்கிலேயே உள்ளவை என்பதும் படிப்பார்க்கு விளங்கும்.

குறைவுற்ற குறிப்பு குற்றமன்று. குறையை மறைத்த குறிப்பே குற்றம். முன்னது பின்வருவாரைத் தேடத் தூண்டும். பின்னது தேடலையே நிறுத்திவிடும்.