கட்டி சுருங்கினால் ஆயுள் கூடுமா?
விறகுப் புகை படிந்த தேயிலைத் தோட்ட லயத்தில் இருமல் புதிதல்ல. பசறையிலும் அப்புத்தளையிலும் அதைப் பனி என்பார்கள், சளி என்பார்கள், மிஞ்சினால் காசநோய் என்பார்கள். நுரையீரல் புற்றுநோய் பிந்திப் பிடிபட இதுவும் ஒரு காரணம். "எத்தனை மாதம்?" என்ற கேள்விக்கான பதிலில் பெரும்பங்கு, நோய் நுரையீரலோடு நின்றதா, மூளை, எலும்பு வரை போனதா என்பதில் இருக்கிறது. மருத்துவர் சொல்லும் "சராசரி" பெரும்பாலும் நடுப்புள்ளிதான். பாதிப்பேர் அதைத் தாண்டுவார்கள். அது கெடுதேதி அல்ல.

அடுத்தது கட்டியின் மரபணு. 2009இல் வெளியான கிழக்கு ஆசிய 'ஐபாஸ்' ஆய்வில், ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருந்தவர்களில் 100க்கு 71 பேருக்கு ஜெஃபிடினிப் மாத்திரை கட்டியைச் சுருக்கியது. மாற்றம் இல்லாதவர்களில் ஒருவருக்குத்தான். கீமோ பெற்றவர்களில், மாற்றம் இருந்தோரில் 100க்கு 47 பேருக்குச் சுருங்கியது. ஆனால் மொத்த ஆயுளில் இரு சிகிச்சைக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. கீமோவில் தொடங்கிய பலர் பின்னர் இத்தகைய மாத்திரைக்கு மாறியது அதற்கு முக்கியக் காரணம்.

அப்படியானால் ஸ்கேன் எதற்கு? கட்டிகளின் விட்டக் கூட்டுத்தொகை 30 சதவீதம் குறைந்தால் 'பகுதிப் பலன்'. 20 சதவீதம் கூடினால் நோய் முற்றுகிறது, பெரும்பாலும் மருந்தை மாற்ற வேண்டும். பதுளையிலிருந்து மகரகமை புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய்வர நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, இழக்கும் கொழுந்துத் தொழிலாளிக்கு, பலிக்காத மருந்தை முன்கூட்டியே நிறுத்துவது சிறிய லாபமல்ல.