தையல் தெரியாத முகம்

பொம்மலாட்டம் என்றதும் நம் நாட்டவர் நினைவுக்கு வருவது மரப்பாவையே. அம்பலாங்கொடைக் கலைஞர் மரத்தைச் செதுக்கி, வண்ணந் தீட்டி, நூலிற் கட்டி ஆட்டும் பாவைகளை நம்மவருட் பலர் கண்டிருப்பர். 'ரூகட நாட்டிய' என வழங்கும் அக்கலையை 2018ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது. மரப்பாவைக்குத் துணி உடை மாத்திரமே. உடுத்த துணி கிழிந்தால் வேறொன்றை உடுத்தலாம், முகம் மாறுவதில்லை. ஆனால், மெத்தைக்குப் பயன்படும் ஸ்பொஞ்சை வெட்டி ஒட்டிச் செய்யும் கைப்பாவையின் நிலை வேறு. அதன் நெற்றியும் கன்னமும் கழுத்தும் துணியாகவே காண்போர்க்குத் தோன்றுகின்றன. அங்கே துணி உடையன்று, தோல்.

இவ்வேற்றுமையை நாம் படித்து அறியவில்லை, பட்டு அறிந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவர் சிலர், கீழ் வகுப்புச் சிறுவர்க்கென ஒரு பாவை நாடகம் நடத்த விரும்பினர். நரியும் ஆமையும் வழக்காடும் சிறிய கதை. பழைய மெத்தை ஒன்றின் ஸ்பொஞ்சிலே தலைகளை உருவாக்கினோம். ஆமைக்கு வேண்டிய பச்சைச் சற்றின் துணியைக் கடைக்குச் சென்று நாமே தெரிந்து வாங்கினோம். கடை விளக்கொளியில் அது பளபளவென்று மின்னியது. அதனை ஆமைத் தலையின்மீது இழுத்துப் போர்த்திப் பசை தடவினோம். எஞ்சிய இடங்களை ஒரு மாணவன் இரண்டு இரவுகள் கண்விழித்துத் தைத்து முடித்தான்.

நாடகத்தன்று ஆமை வாய் திறக்கவில்லை. உள்ளே கையை நுழைத்திருந்த மாணவன் பெருவிரலைக் கீழே அழுத்த அழுத்த, இறுகிய துணி அதனை மேலே இழுத்தது. ஆமை பேசுவதற்குப் பதிலாக முணுமுணுத்தது. முன்வரிசையில் இருந்த சிறுவனொருவன், உச்சியிலிருந்து மூக்குவரை ஓடிய தையலைச் சுட்டி, "ஆமைக்கு ஏன் முகத்திலை வெட்டுக்காயம்?" என்று உரக்கக் கேட்டான். மண்டபம் சிரித்தது. தைத்த மாணவன் சிரிக்கவில்லை. மறுநாட் பயிற்சிக்கு அவன் வரவும் இல்லை.

பிழை அவன் ஊசியிலா, நாம் வாங்கிய துணியிலா என்று அப்பொழுது நமக்கே தெரியாது. தெரிந்துகொள்ளும் பொருட்டு, இக்கலையிற் கைதேர்ந்தவர்கள் எவ்வாறு செய்தனர் என ஆராயத் தொடங்கினோம்.

இத்துறையில் முதலில் நினைக்கப்பட வேண்டியவர் அமெரிக்கரான ஜிம் ஹென்சன். 1955ஆம் ஆண்டில், பதினெட்டு வயது இளைஞராயிருந்தபோது, தம் அன்னையார் அணியாது விட்ட பழைய மேலங்கி ஒன்றை வெட்டி அவர் ஒரு பாவை செய்தார். மேசைப்பந்தாட்டப் பந்தொன்றை இரண்டாக அறுத்துக் கண்களாக வைத்தார். பின்னாளில் உலகெங்கும் அறியப்பெற்ற கேர்மிட் என்னும் தவளை அதுவே. அவருடைய தாய்வழிப் பாட்டியார் தையலிலும் ஒட்டுத்துணிப் போர்வை செய்வதிலும் தேர்ந்தவர் என்பதை இங்கே குறிப்பிடுதல் தகும்.

தொலைக்காட்சி நாடக மேடை போன்றதன்று. அது முகத்தை மிக அண்மையிற் காட்டுவது. மரத்தாலும் காகிதக் கூழாலும் ஆன முகம் அங்கே உறைந்து நிற்கும். நெகிழ்ந்து அசையும் முகம் வேண்டும் எனக் கருதிய ஹென்சனுக்குத் துணியும் ஸ்பொஞ்சும் துணை நின்றன. 1962ஆம் ஆண்டில் ரோல்ஃப் என்ற நாய்ப் பாவையை அமைத்த டொன் ஸாலின் என்னும் கைவினைஞர், அவரது பட்டறைக்குப் பெரும் பலமாய் வாய்த்தார். நாளடைவில் அப்பட்டறையார் 'அன்ட்ரன் ஃபிளீஸ்' எனப்படும் நைலோன் துணியைத் தம் பாவைகளின் தோலாக வரித்துக்கொண்டனர். அதனைத் தாமே வேண்டிய வண்ணங்களிற் சாயந் தோய்த்தனர். 1969ஆம் ஆண்டில் 'செசமி ஸ்திரீற்' நிகழ்ச்சி தொடங்கியபின் கோடிக்கணக்கான குழந்தைகள் கண்டு மகிழ்ந்த முகங்கள் பல அத்துணியால் ஆனவையே.

அத்துணியின் சிறப்பு யாது? முதலாவது, அது பின்னற்றுணி. ஆதலால் இழுத்த பக்கம் நீளும், விட்டதும் மீளும். இரண்டாவது, அதன் மேற்பரப்பிலே குறுகிய மெல்லிய துய் உண்டு. தையல் அதற்குள் மறைந்துவிடும். மூன்றாவது, அது மின்னுவதில்லை. விளக்கொளியை மென்மையாக ஏற்கும். நான்காவது, சாயத்தை நன்கு பற்றும்.

நாம் வாங்கிய சற்றின் துணியை இந்நான்கு குணங்களோடும் ஒப்பிட்டுப் பார்த்தோம். அது நெய்த துணி. பாவும் ஊடையும் ஒன்றையொன்று கட்டிப் பிடித்திருந்தமையால் நீளவில்லை. துய் இல்லாமையால் தையலை மறைக்கவில்லை. மின்னியமையால் ஒவ்வொரு சுருக்கத்தையும் விளக்கு வெளிச்சமிட்டுக் காட்டியது. மாணவன் எத்துணை நுட்பமாகத் தைத்திருப்பினும் அத்துணியிலே தையல் மறைந்திராது.

இதனை அவனிடமே சொல்ல வேண்டும் என்று எண்ணி, பாவையையும் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குச் சென்றோம். அவனுடைய அன்னையார் வீட்டிலே தையற்பொறி வைத்து அயலவர்க்குச் சட்டை தைப்பவர். பாவையை வாங்கிக் கையிலே மாட்டி ஒருமுறை வாயைத் திறக்க முயன்றார்.

"சேர், சட்டைக்கு அளவெடுக்கேக்கை கையை உயர்த்திக் காட்டச் சொல்லுறனாங்கள். கையைத் தூக்கினாலும் இழுபடாத சட்டைதான் சட்டை. நீங்கள் ஆமையின்ரை வாயை மூடி வைச்செல்லோ அளவெடுத்திருக்கிறியள்?" என்றார்.

நாம் தேடிய நூல் எதிலும் இவ்வளவு தெளிவாக அதனைக் கண்டிலோம். ஸ்பொஞ்சுப் பாவைக்குத் துணி அளவெடுக்கும்போது அதன் வாயை முழுவதும் திறந்து வைக்க வேண்டும். கன்னத்தின் இரு ஓரங்களிலும் துணிக்கு இடங்கொடுக்க வேண்டும். வாய் மூடியிருக்கையில் அங்கே சிறு மடிப்பு விழுமாயின் அஞ்ச வேண்டியதில்லை. நம் முகத்திலும் அவ்விடத்தில் மடிப்பு உண்டு.

அவர் சொற்படி இரண்டாம் ஆமையைச் செய்தோம். செய்ய விரும்பும் இல்லத்தாருக்கும் மாணவருக்கும் உதவும் என்பதால் அம்முறையைச் சுருங்கக் கூறுவோம்.

ஆடைத் தொழிற்சாலைகளில் எஞ்சும் துணிகளை விற்கும் கடைகளில் ஃபிளீஸ் வகைத் துண்டுகள் அகப்படுவதுண்டு. அகப்படாவிடின் பழைய குளிர்ச்சட்டையோ குழந்தைப் போர்வையோ போதும். நான்கு அங்குலத் துண்டை இழுத்தால் அது ஐந்து அங்குலமளவு நீண்டு, விட்டதும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். குறுக்கிலும் நெடுக்கிலும் இழுத்துப் பாருங்கள். பின்னர் இரு சிறு துண்டுகளைத் தைத்து, விளக்கின் கீழ் ஆறடி தூரத்தில் நின்று நோக்குங்கள். தையல் தெரியுமாயின் அத்துணி வேண்டாம். விலையைக் கேட்பது அதன் பின்னரே.

அரை அங்குலத் தடிப்புள்ள ஸ்பொஞ்சு தலைக்கு ஏற்றது. அதனை வெட்டப் பயன்படுத்திய காகித அச்சையே துணிக்கும் முதல் அச்சாகக் கொள்ளலாம். ஆனால், தையற்காரர் 'டார்ட்' என்று கூறும் கூர்மடிப்புகள் ஸ்பொஞ்சுக்கு வேண்டிய அளவு துணிக்கு வேண்டா. நீளும் துணி வளைவுகளைத் தானே தழுவிக்கொள்ளும். துய் எத்திசையிற் படிகிறது எனக் கையால் தடவி அறிந்து, எல்லாத் துண்டுகளிலும் அது மேலிருந்து கீழே படியுமாறு வெட்ட வேண்டும். ஒரு துண்டு திசை மாறினாலும் வண்ணம் வேறுபட்டுத் தோன்றும். நீண்ட மயிருள்ள துணியாயின் பின்புறத்திலிருந்து, அடித்துணியை மாத்திரம் கூரிய அலகால் கீறுதல் நன்று. கத்தரிக்கோல் மயிரையும் சேர்த்து வெட்டிவிடும்.

துணியை முகத்தின் நடுவிலிருந்து இரு பக்கமும் ஒத்த அளவில் இழுத்துக் குண்டூசியாற் குத்துக. தையல்களைத் தலையின் பின்புறத்திலும் தாடையின் கீழும் அமைக்க வேண்டும். நெற்றி நடுவில் ஒருபோதும் ஆகாது. ஹென்சன் பட்டறையின் பெயராலேயே வழங்கும் தையலொன்று உண்டு. விளிம்புகளை ஒன்றன்மேலொன்று ஏற்றாது, அருகருகே பிடித்து, இரு பக்கமும் மாறிமாறி ஊசியைச் செலுத்தி, ஏணிப்படி போல் நூலைக் கோத்து இறுக்குவர். விளிம்புகள் நெருங்க, நூல் உள்ளே மறையும். பின்னர் தையலிற் சிக்கிய துய்யை ஊசிமுனையால் வெளியே எடுத்து, மென்மையான தூரிகையால் நீவினால், தைத்தவர்க்கே தையல் இருந்த இடம் தெரியாது.

பசையைப் பொறுத்தவரை சிக்கனமே நன்று. சப்பாத்துத் தைப்போர் கையாளும் பசை துணிக்குள் ஊறிக் காய்ந்தால் அவ்விடம் விறைத்துவிடும். வாயின் உட்தகட்டைச் சுற்றி மாத்திரம் அதனைத் தடவினோம். அதன் ஆவி கேடு தருவதாதலால், காற்றோட்டமுள்ள இடத்திற் பெரியவர் ஒருவர் உடனிருந்தே தடவ வேண்டும்.

தோலை முற்றாக ஒட்டிவிடாமைக்கு வேறொரு காரணமும் உண்டு. ஸ்பொஞ்சு நிலையான பொருளன்று. ஒளியும் காற்றும் ஈரப்பதனும் பட்டு, காலப்போக்கில் மஞ்சளாகி நொறுங்கிப்போகும். கழுத்தருகே பிரிக்கக்கூடியதாகத் தைத்திருந்தால், உள்ளீட்டை மாற்றி அதே முகத்தைப் பேணலாம். தாயின் மேலங்கியாற் செய்த முதற் கேர்மிட் இன்றும் இருக்கிறது. ஹென்சன் 1990ஆம் ஆண்டில் மறைந்தார். இருபது ஆண்டுகளின் பின், 2010இல், அவர் துணைவியார் ஜேன் அதனை வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அரும்பொருளகத்துக்கு வழங்கினார்.

நம் இரண்டாம் ஆமைக்கு அகப்பட்டது, அம்மாணவன் வீட்டில் இருந்த பழைய பச்சைக் குழந்தைப் போர்வை. அவனே அதனைத் தைத்தான். வாய் திறந்தபடி ஆமை மேசைமீதிருக்க, அவனுடைய அன்னையார் ஒவ்வொரு பக்கத்தையும் சரிபார்த்தார்.

நாடகம் மீண்டும் நடந்தது. முடிந்ததும் முன்பு வெட்டுக்காயத்தைக் கண்ட அதே சிறுவன் மேடையருகே வந்தான். ஆமையின் முகத்தை நெடுநேரம் பார்த்தான். தொடுவதற்குக் கையை நீட்டிப் பின் மடக்கிக்கொண்டு, "இது கடிக்குமோ?" என்று கேட்டான்.

திரைக்குப் பின்னாலிருந்த மாணவன் விடை கூறவில்லை. ஆமை வாயை அகலத் திறந்தது.