கரும்பில் ஓடிய கார்கள்: பிரேசில் தரும் பாடம்

பெட்ரோலில் எத்தனால் கலப்பது இன்று கரும்பு விவசாயிகளிடையே அன்றாடப் பேச்சாகிவிட்டது. இதே பாதையில் அரை நூற்றாண்டுக்கு முன்பே இறங்கிய நாடு பிரேசில்.

அப்போது அங்கே ராணுவ ஆட்சி. அணை, இரும்பாலை, கார் தொழிற்சாலை என அரசே முன்னின்று தொழில்களை வளர்த்துவந்தது. 1973-ல் கச்சா எண்ணெய் விலை பல மடங்கு ஏறியது. தேவையில் சுமார் 80 சதவீதத்தை இறக்குமதி செய்த பிரேசில் திணறியது. அடுத்து சர்க்கரை விலையும் சரிந்தது. இரண்டு நோய்க்கும் ஒரே மருந்தாக, 1975 நவம்பரில் கரும்பிலிருந்து எரிபொருள் எடுக்கும் 'புரோஆல்கூல்' திட்டத்தை அரசு அறிவித்தது.

ஆலைகளுக்குக் குறைந்த வட்டியில் கடன், கொள்முதலுக்கு அரசு உத்தரவாதம், பெட்ரோலைவிடக் குறைந்த விலை என்று சலுகைகள் குவிந்தன. 1979-ல் எத்தனாலில் மட்டுமே ஓடும் கார் விற்பனைக்கு வந்தது. 1980-களின் நடுவில் புதிய கார்களில் பத்தில் ஒன்பது அந்த ரகம்தான்.

ஆனால் சாவோ பாலோ மாநிலத்தில் பெரும் பண்ணைகளின் கரும்பு, உணவுப் பயிர் நிலங்களையும் விழுங்கியது. ஒரு லிட்டர் எத்தனாலுக்குப் பத்து லிட்டருக்கு மேல் கழிவுநீர் வெளியேறி ஆறுகளைக் கெடுத்தது. சாம்பல் சத்து நிறைந்த அந்தக் கழிவுநீரை அளவாக வயலுக்கே பாய்ச்சும் முறை பின்னர்தான் பரவியது.

1986-ல் கச்சா எண்ணெய் விலை வீழ்ந்தது. அரசு சலுகைகளைக் குறைத்தது. சர்க்கரைக்கு நல்ல விலை கிடைத்ததும் ஆலைகள் அந்தப் பக்கம் சாய்ந்தன. 1989-ல் எத்தனால் தட்டுப்பாடு வந்து, கார்கள் பங்குகளில் வரிசையில் நின்றன. மக்கள் நம்பிக்கை இழந்தனர். பெட்ரோல், எத்தனால் இரண்டிலும் ஓடும் கார்கள் 2003-ல் வந்த பிறகே கரும்பு எரிபொருள் மீண்டும் தலையெடுத்தது.

நம் நாட்டிலும் 2023 டிசம்பரில், சர்க்கரை உற்பத்தி குறையும் என்ற அச்சத்தில், கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்க மத்திய அரசு திடீரெனக் கட்டுப்பாடு விதித்தது. அடுத்த ஆண்டு அதைத் தளர்த்தியது.

பயிர் எரிபொருளாகும்போது, அதன் விலையை மழையும் மண்ணும் மட்டும் முடிவு செய்வதில்லை. எண்ணெய்ச் சந்தையும் அரசாணையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. எத்தனாலை நம்பிக் கரும்புப் பரப்பைக் கூட்டும் விவசாயி, ஆலையின் எத்தனால் வருமானத்தில் தனக்கு என்ன பங்கு என்று முதலில் கேட்க வேண்டும். முழு நிலத்தையும் ஒரே பயிருக்குக் கொடுத்துவிடாமல் இருப்பதும் நல்லது.