உளுந்துக்கும் பச்சைப்பயறுக்கும் பெயர் மாறிய கதை

உளுந்தையும் பச்சைப்பயறையும் மாற்றிச் சொல்லும் குடியானவர் கிடையாது. ஆனால், தாவர நூலார் இவற்றுக்கு உரிய பெயரையும் இடத்தையும் கண்டுகொள்ள இருநூறு ஆண்டுகள் பிடித்தன.

சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், 1753இல் பச்சைப்பயறுக்கு 'பேசியோலஸ் ரேடியேட்டஸ்' என்றும், 1767இல் உளுந்துக்கு 'பேசியோலஸ் மங்கோ' என்றும் பெயரிட்டார். வடநாட்டில் 'மூங்' என்பதோ பச்சைப்பயறு! அதே ஓசையுள்ள பெயர் உளுந்தின் தலையில் விழுந்தால் குழப்பம் வராமலா இருக்கும்? பின்வந்த நூல்கள் சிலவற்றில் மங்கோ என்றால் பச்சைப்பயறு, ரேடியேட்டஸ் என்றால் உளுந்து என்று தலைகீழாகவே அச்சாகிவிட்டது. கல்கத்தா தாவரத் தோட்டத்தில் பணியாற்றிய ராக்ஸ்பர்க்கின் நூல், அவர் மறைவுக்குப் பின் 1832இல் வெளிவந்தபோது, பச்சைப்பயறுக்கு 'ஆரியஸ்' என்ற பெயரும் சேர்ந்தது. ஆகவே, பழைய பிரசுரங்களைப் படிப்போர் ஊர்ப்பெயரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

பேசியோலஸ் என்பது அமெரிக்காவில் தோன்றிய பீன்ஸின் இனம். பீன்ஸ் பூவைப் பிரித்தால், படகு போன்ற அடி இதழ் திருகாணி போலச் சுருண்டிருக்கும். உளுந்துப் பூவில் அது வளைந்திருக்குமே தவிர அப்படிச் சுருளாது. ஒரு பக்கத்தில் சிறு கொம்பு போன்ற புடைப்பும் உண்டு. இலைக்காம்பின் அடியிலுள்ள செதிலும் தண்டில் ஒட்டிய இடத்துக்குக் கீழே நீண்டிருக்கும். இவற்றையெல்லாம் பார்த்தபின், பச்சைப்பயறை 1954இல் வில்செக்கும், உளுந்தை 1956இல் ஹெப்பரும், தட்டைப்பயறு சேர்ந்துள்ள 'விக்னா' இனத்துக்கு மாற்றினர். இத்தாலியின் தாவர ஆசிரியர் டொமினிக்கோ விக்னாவின் நினைவாக 1824இல் சாவி என்பவர் வைத்த பெயர் அது. இரு இனங்களுக்கும் எல்லையைத் திருத்தமாக வகுத்தவர் வெர்ட்கோர்ட், ஆண்டு 1970. இன்று விக்னா மங்கோ என்றால் உளுந்து. விக்னா ரேடியேட்டா என்றால் பச்சைப்பயறு.

இது ஏட்டுச் சண்டை மட்டுமல்ல. பீன்ஸ் வேரில் முடிச்சிடும் ரைசோபியம் வேறு. உளுந்து, பச்சைப்பயறு, தட்டைப்பயறு வேர்களில் முடிச்சிடுவது வேறு. பீன்ஸுக்கான பொட்டலத்தை உளுந்து விதையில் கலந்தால் காசுதான் வீண். பொட்டலத்தில் உளுந்து அல்லது பச்சைப்பயறு என்று எழுதியிருக்கிறதா, காலாவதித் தேதி தாண்டவில்லையா என்று பார்த்து வாங்க வேண்டும். ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைத்துவிட வேண்டும். விதைத்து ஒரு மாதம் ஆனதும் இரண்டொரு செடிகளை மண்ணோடு தோண்டி, வேர் முடிச்சைக் கிள்ளிப் பார்க்கலாம். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து சேருகிறது என்று பொருள்.